வடசென்னையில் ஒரு பல்கலைக்கழகத்தின் புதிய முகம்: பெயர், சின்னம், விளம்பரம் எல்லாவற்றுக்கும் முழு வழிகாட்டி

பிளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாள் காலை தண்டையார்பேட்டையில் ஏதாவது ஒரு ஜெராக்ஸ் கடை வாசலில் பத்து நிமிடம் நின்று பாருங்கள். மார்க் ஷீட்டை நெட்டில் எடுத்து பிரிண்ட் போட வந்த பிள்ளைகள், கூடவே அம்மா, சில நேரம் அத்தை. கையில் நாலைந்து கல்லூரிகளின் வழவழப்பான கையேடுகள். அட்டையில் கண்ணாடிக் கட்டடம், உள்ளே புல்வெளி, கடைசிப் பக்கத்தில் கம்பெனி லோகோக்கள். மொத்தம் எவ்வளவு பணம் கட்ட வேண்டும் என்பது மட்டும் எந்தப் பக்கத்திலும் இருக்காது.

பதினோரு வருடமாக சேர்க்கை சீசனில் உதவி மேசையில் உட்காருகிறேன். இரண்டு நிறுவனங்கள் பெயர்ப்பலகையையும் சின்னத்தையும் மாற்றியபோது அவற்றின் விளம்பரக் குழுவிலும் இருந்தேன். திடீரென்று "பிராண்டிங் கமிட்டி"யில் போடப்பட்ட பேராசிரியருக்கு, உதவி செய்ய வரும் பழைய மாணவருக்கு, வேலையை எடுத்துச் செய்யும் டிசைனருக்கு என்று இதை எழுதுகிறேன். எங்கள் ஊர்க் குடும்பம் ஒரு பல்கலைக்கழகத்திடம் கேட்பது மூன்றே கேள்விகள்: மொத்தம் எவ்வளவு ஆகும்? பிள்ளை எப்படிப் போய் எத்தனை மணிக்கு வீடு திரும்பும்? படித்து முடித்தால் என்ன வேலை? இந்த மூன்றுக்கும் பதில் தயாராகும் முன்னால் சின்னம் வரையக்கூடாது. கீழே வரும் எல்லாப் படிகளும் இதற்குள் அடங்குபவைதான்.

படி 1: மூன்று வாரம் காது கொடுங்கள்

முதல் வேலைக்கு ஏஜென்சி தேவையில்லை. ஒரு நோட்டுப் புத்தகம் போதும். அதை விசாரணை மேசையில் வைத்து, வருகிறவர்கள் கேட்கும் கேள்வியை அவர்கள் வாயிலிருந்து வந்த சொற்களிலேயே எழுதச் சொல்லுங்கள். "கட்டண விவரம் கேட்டார்" என்று சுருக்கி எழுதினால் பயனே இல்லை.

ஏன் என்பதற்கு நான் கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். காசிமேட்டிலிருந்து ஓர் அம்மா மகளோடு வந்தார். கையேட்டை மேசை மேல் வைத்துவிட்டு, "எல்லாம் சேத்து மொத்தமா எவ்ளோ சார் ஆவும்?" என்று கேட்டார். மேசையில் இருந்தவர், "டியூஷன் ஃபீஸ் அதுலயே போட்டிருக்கேம்மா" என்றார். அந்த அம்மா அந்தப் பக்கத்தை விரலால் ஒரு முறை தடவிப் பார்த்துவிட்டு, "இல்ல சார், மொத்தமா" என்றார். தேர்வுக் கட்டணம், பஸ் கட்டணம், லேப் கட்டணம், சீருடை எல்லாம் தனித்தனி. ஒவ்வொன்றும் வேறு வேறு கவுன்டரில் தெரியும். எல்லாவற்றையும் கூட்டிச் சொல்ல அங்கே யாரும் இல்லை. அம்மாவும் மகளும் எழுந்து போனார்கள், திரும்பி வரவில்லை. அந்த வருடம் அந்த நிறுவனம் புதிய லோகோவுக்கு நிறையச் செலவழித்திருந்தது.

நோட்டில் இப்படிப்பட்ட கேள்விகள் சேரச் சேர, எங்கே ஓட்டை என்று தானே தெரியும். சாயங்கால வகுப்பு முடிந்து கொடுங்கையூருக்குப் பஸ் இருக்கிறதா, வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றால் வேறு எந்த வழி, கண்டெய்னர் லாரி ஓடும் ரோட்டை வண்டியில்லாத பிள்ளை எங்கே கடக்க வேண்டும், தமிழ் வழியில் படித்த பிள்ளைக்கு முதல் செமஸ்டரில் யாராவது கை கொடுப்பார்களா. இந்தக் கேள்விகள் எந்த மார்க்கெட்டிங் பாடப்புத்தகத்திலும் இல்லை. ஆனால் திருவொற்றியூரிலிருந்து புளியந்தோப்பு வரை எல்லா வீட்டிலும் இருக்கின்றன.

மேசையோடு நிறுத்தாமல், சேர்ந்துவிட்டு முதல் வருடமே நின்றுபோன மாணவர்களில் பத்துப் பேரையாவது தேடிப் போய்ப் பேசுங்கள். சங்கடமான வேலைதான், தெரியும். ஆனால் விளம்பரத்துக்கும் வளாகத்துக்கும் இடையில் எவ்வளவு தூரம் என்பதை அவர்களைவிடச் சரியாகச் சொல்லக் கூடியவர்கள் யாரும் இல்லை.

படி 2: ஒரே ஒரு வாக்கியம்

சேர்த்த கேள்விகளை வைத்து உங்கள் நிறுவனம் எதை உறுதியாகக் கொடுக்க முடியும் என்று ஒரு வாக்கியம் எழுதுங்கள். எழுதியதில் உங்கள் பெயரை எடுத்துவிட்டு வேறு கல்லூரியின் பெயரைப் போட்டுப் படியுங்கள். அப்போதும் பொருந்தினால் கிழித்துப் போடலாம். "உலகத் தரம் வாய்ந்த கல்வி", "நாளைய தலைவர்களை உருவாக்குகிறோம்" எல்லாம் இந்தச் சோதனையில் விழுந்துவிடும்.

"எங்கள் கடைசி வகுப்பு மூன்றரைக்கு முடியும், நான்கு மணிக்கு எண்ணூர் பக்கமும் மாதவரம் பக்கமும் பஸ் கிளம்பும்" என்பது சாதாரண வாக்கியமாகத் தெரியலாம். அதைக் கேட்டதும் ஓர் அப்பாவின் முகம் தெளிவதை நான் பார்த்திருக்கிறேன்.

படி 3: பெயரில் கை வைக்கும் முன்

இங்கே சட்டம் வருகிறது. 1956-ஆம் ஆண்டு யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) சட்டத்தின் 23-ஆவது பிரிவு, சட்டப்படி அமைக்கப்பட்ட பல்கலைக்கழகங்களைத் தவிர வேறு யாரும் பெயரில் "பல்கலைக்கழகம்" என்று போட்டுக்கொள்ளத் தடை விதிக்கிறது. நிகர்நிலை அந்தஸ்து (பல்கலைக்கழகத்துக்கு இணையாக மத்திய அரசு அறிவிப்பது) பெற்ற நிறுவனங்களும் அந்தச் சொல்லைப் பெயரிலிருந்து எடுக்க வேண்டும் என்று 2017 நவம்பரில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பைத் தொடர்ந்து யுஜிசி உத்தரவிட்டது. ஆகவே நீங்கள் ஒரு பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரியா, பாடத்திட்டத்தையும் தேர்வையும் தானே நடத்தும் தன்னாட்சிக் கல்லூரியா, நிகர்நிலையா என்பதைப் பெயருக்கு அடியிலேயே, கண்ணில் படும் அளவில் எழுதுங்கள். பட்டம் எந்தப் பல்கலைக்கழகத்தின் பெயரில் வரும் என்பதும் அங்கேயே இருக்கட்டும். 1857-இல் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகத்தின் பட்டம் என்றால் அதைச் சொல்ல எந்தக் கூச்சமும் வேண்டாம். எங்கள் பக்கத்துப் பாட்டிகளுக்குக்கூட அந்தப் பெயர் தெரியும்.

பழைய பெயரையும் சின்னத்தையும் மாற்றுவது பற்றி இரண்டு வெளிநாட்டுக் கதைகள் உண்டு, கமிட்டியில் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியவை. கலிபோர்னியா பல்கலைக்கழகம் 2012-இல் நவீனமாக ஒரு புதிய சின்னத்தைக் கொண்டுவந்தது. மாணவர்களும் பழைய மாணவர்களும் ஆயிரக்கணக்கில் கையெழுத்துப் போட்டு எதிர்த்தார்கள். அதே ஆண்டு டிசம்பரில் அதைக் கைவிட்டார்கள். லண்டனின் கிங்ஸ் கல்லூரி, தன் பெயரிலிருந்து "கல்லூரி" என்ற சொல்லை எடுத்துவிட்டு "கிங்ஸ் லண்டன்" ஆகப் போவதாக அறிவித்தது. அதற்கும் எதிர்ப்பு வந்து 2015 ஜனவரியில் திட்டத்தை விட்டுவிட்டார்கள். இரண்டிலும் அங்கே படித்தவர்கள், "எங்கள் சான்றிதழில் இருக்கும் பெயரை, நாங்கள் அணிந்த சின்னத்தை எங்களைக் கேட்காமல் ஏன் எடுத்தீர்கள்" என்று பொங்கினார்கள்.

நம் பக்கம் இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும். பழைய வண்ணாரப்பேட்டையில் மெட்ரோ நிலையத்துக்கே சர் தியாகராயா கல்லூரி என்று பெயர். அங்கே படிக்காதவர்களுக்கும் இன்று அது இறங்கும் இடத்தின் பெயர். அப்படி ஊரோடு ஒட்டிப்போன பெயரை வைத்திருப்பவர்கள், மாற்றலாம் என்று யோசிக்கும் முன்னால் வாசலில் டீக்கடை வைத்திருப்பவரைக்கூடக் கேட்க வேண்டும்.

படி 4: தமிழ் எழுத்திலிருந்து சின்னத்தை வரையுங்கள்

பெரும்பாலும் நடப்பது என்ன? ஆங்கிலத்தில் லோகோ முடிந்து, எல்லோரும் கைதட்டி, ஃபைல் அனுப்பிய பிறகு, "கீழே தமிழிலும் போட்டுடுங்க" என்று ஒரு மெசேஜ் போகும். டிசைனர் கையில் இருக்கும் ஏதோ ஒரு எழுத்துருவில் சின்னதாக நசுக்கி வைப்பார். எனக்கு இதில் மிகவும் வருத்தம் உண்டு. அந்தப் பலகையைப் படிக்கப் போகிறவர்களில் பாதிப் பேர் முதலில் தமிழைத்தான் தேடுவார்கள்.

தமிழுக்கு வேறு தேவைகள் இருக்கின்றன. "பல்கலைக்கழகம்" என்ற சொல்லே நீளம். ஒரே வரியில் திணித்தால் ஓடும் பஸ்ஸிலிருந்து படிக்க முடியாது. புள்ளியும் கொம்பும் மேலே கீழே இடம் கேட்கும். வரிகளை நெருக்கினால் மேல் வரியின் கொக்கி கீழ் வரியின் புள்ளியில் இடிக்கும். தடிமனான எழுத்தில் ன, ண இரண்டின் சுழிகளும் மை அடைத்து ஒன்றாகிவிடும். ஆகவே முதல் வரைவையே தமிழில் கேளுங்கள். முக்தா மலர், கேட்டமரன், ஹிந்த் மதுரை, நோட்டோ சான்ஸ் தமிழ் போன்றவை காசில்லாமல், உரிமச் சிக்கல் இல்லாமல் கிடைக்கும் நல்ல எழுத்துருக்கள். தொடக்கத்துக்கு இவை போதும்.

அச்சுக்கூடத்தில் இன்னொரு ஆபத்து காத்திருக்கிறது. நீங்கள் யுனிகோடில் (எல்லாக் கணினியிலும் ஒரே மாதிரி தெரியும் எழுத்து முறை) அனுப்புவீர்கள். அங்கே பழைய முறை எழுத்துருவில் வேலை செய்பவர் மாற்றும்போது ஒற்றுகள் பறந்துவிடும், கொம்பு இடம் மாறும். ஒரு முறை பத்தாயிரம் நோட்டீசில் "கல்லூரி" என்ற சொல் புள்ளியில்லாமல் "கலலூரி" என்று வந்ததைக் கையில் வாங்கிப் பார்த்தேன். தமிழ்த் துறை வைத்திருக்கும் நிறுவனம் அது. அன்றிலிருந்து எழுத்துகளை வடிவங்களாக மாற்றிய பிடிஎஃப் மட்டும்தான் அனுப்புவது, ஒரு பிரதி அச்சடித்து இரண்டு பேர் சத்தம் போட்டுப் படித்த பிறகுதான் ஓட்டச் சொல்வது என்று வைத்திருக்கிறேன்.

கடைசிச் சோதனை வெயிலில். பலகையின் மாதிரியை மாடியில் கட்டிவிட்டு, மதியம் ஒரு மணிக்கு ரோட்டின் எதிர்ப்பக்கம் நின்று படியுங்கள். கடல் காற்றும் உப்பும் ராயபுரம் முதல் எண்ணூர் வரை பெயிண்ட்டைச் சீக்கிரம் தின்றுவிடும். வெளிறிய பிறகும் படிக்க முடிகிற நிறங்களை எடுங்கள்.

படி 5: சொல்லும் ஒவ்வொன்றுக்கும் தாள் வேண்டும்

விளம்பரத்தில் வரும் ஒவ்வொரு வரிக்கும் எதிரே "ஆதாரம் எந்த ஃபைலில்" என்று ஒரு பட்டியல் வையுங்கள். நாக் (கல்லூரிகளுக்குத் தரச்சான்று தரும் தேசிய அமைப்பு) தரம் என்றால் எந்தச் சுற்று, எந்த நாள் வரை செல்லுபடி என்பதும் சேர்ந்துதான் அச்சாக வேண்டும். ஏ பிளஸ் பிளஸ் என்பது 4-க்கு 3.51 அல்லது அதற்கு மேல் எடுத்தவர்களுக்கு. காலாவதியான தரத்தைப் பலகையில் தொங்கவிட்டுக்கொண்டிருப்பது ஏமாற்றுதான். மத்தியக் கல்வி அமைச்சகத்தின் என்ஐஆர்எஃப் தரவரிசை 2016-இலிருந்து வெளியாகிறது. எந்த ஆண்டு, எந்தப் பிரிவு என்று சொல்லாமல் வெறும் எண்ணைப் போடாதீர்கள்.

வேலைவாய்ப்பு விஷயத்தில் மிகவும் கவனம் வேண்டும். ஒரே ஒரு மாணவருக்குக் கிடைத்த பெரிய சம்பளத்தை ஆளுயர எழுத்தில் போடுவது இங்கே வழக்கமாகிவிட்டது. என்ஐஆர்எஃப்புக்கு நீங்கள் அனுப்பும் விவரத்தில் இடைநிலைச் சம்பளம் என்று ஒன்று இருக்கிறது. வேலை கிடைத்த எல்லோரையும் சம்பள வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்பவர் வாங்குவது. அதைப் போடுங்கள். பக்கத்திலேயே அந்த ஆண்டு படித்து முடித்தவர்கள் மொத்தம் எத்தனை பேர், அதில் எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது என்பதும் இருக்கட்டும். 1985-இல் தொடங்கிய விளம்பரத் தர மன்றம் கல்வி விளம்பரங்களுக்கு வைத்திருக்கும் விதிகளும் இதையே கேட்கின்றன. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை, மறுபடி செய்தால் 50 லட்சம் வரை அபராதம் விதிக்க முடியும். அபராதம் ஒருபுறம் இருக்கட்டும். அந்த எண்ணை நம்பி நகையை அடகு வைக்கும் அம்மா எங்கள் தெருவில் இருக்கிறார்.

படி 6: யார் முகத்தை வைப்பது

வெளியிலிருந்து வாங்கிய போட்டோ வேண்டாம். உங்கள் மாணவர்களே போதும், எழுத்துப்பூர்வமாகச் சம்மதம் வாங்கிக்கொண்டு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வடசென்னை என்றாலே கத்தியும் சந்துமாகக் காட்டிப் பழகிவிட்டார்கள். விளம்பரக்காரர்கள் அதற்கு எதிர்ப்பக்கம் போய், "இருளிலிருந்து ஒளிக்கு" என்று பரிதாபக் கதை செய்கிறார்கள். இரண்டையும் நான் ஏற்கமாட்டேன். 1856-இல் தென்னிந்தியாவின் முதல் ரயில் கிளம்பியது ராயபுரத்திலிருந்து. பின்னி மில்லும், மணலி சுத்திகரிப்பு ஆலையும், எண்ணூர் அனல்மின் நிலையமும், துறைமுகமும் இந்த மக்களின் உழைப்பில் ஓடியவை. ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியும், மாதவரத்தில் கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் தலைமையகமும் இருக்கிற ஊர் இது. படிப்பை இந்த ஊருக்கு யாரும் புதிதாகக் கொண்டுவந்து கொடுக்கவில்லை. கேரம் போர்டு முன்னால் உட்கார்ந்து பாடம் படிக்கும் பெண்ணையும், ஷிப்ட் முடித்து மாலைக் கல்லூரிக்கு வரும் பையனையும் நிமிர்ந்த முகத்தோடு எடுங்கள்.

படி 7: எப்போது, எங்கே

எங்கள் பக்கத்துக்கென்று தனியாக ஒரு காலண்டர் இருக்கிறது. வெளியூர் ஏஜென்சிகளுக்கு அது தெரியாது. கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். ரிசல்ட்டும், விண்ணப்பமும், முதல் தவணையும் இந்த 61 நாளுக்குள்ளேயே வந்து விழுகின்றன. காசிமேட்டிலும், திருவொற்றியூர்க் குப்பங்களிலும், எண்ணூரிலும் படகு கரையில் நிற்கும் நேரத்தில் "ஒரு வாரத்தில் முழுப் பணமும் கட்டினால் சலுகை" என்று விளம்பரம் செய்தால் அது யாருக்கான விளம்பரம்? முதல் தவணையைச் சிறியதாக்கி, அடுத்ததை ஜூலைக்குத் தள்ள நிதி அலுவலரிடம் பேசுங்கள். அனுமதி கிடைத்தால் அதையே தலைப்பில் போடுங்கள். எந்த வாசகத்தையும்விட அது அதிகம் பேசும்.

அரசுத் திட்டங்களையும் அதே பக்கத்தில் சேருங்கள். அரசுப் பள்ளியிலோ, அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியிலோ 6 முதல் 12 வரை படித்த பெண்களுக்குப் புதுமைப் பெண், பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன், மாதம் 1000 ரூபாய். கலந்தாய்வு வழியே தொழிற்கல்வியில் சேரும் முதல் பட்டதாரிகளுக்குக் கல்விக் கட்டணச் சலுகை. சாதாரணக் கட்டணப் பஸ்ஸில் 2021 மே முதல் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. பஸ் கட்டணத்தைக் கணக்கில் சேர்த்துப் பயப்படும் வீட்டுக்கு இது பெரிய செய்தி.

இடம் என்று வந்தால் மெட்ரோவும் மின்சார ரயிலும்தான். 2021 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை மெட்ரோ நீண்டபிறகு, டோல்கேட், காலடிப்பேட்டை, தேரடி என்று நிலையத்தின் பெயரையே போட்டு "இங்கிருந்து கல்லூரி வாசல் வரை இத்தனை நிமிடம்" என்று எழுதலாம். சென்ட்ரல் - கும்மிடிப்பூண்டி ரயிலில் கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை நிலையங்களுக்கும் அதேபோல. துணிக்கடைகள் நிறைந்த வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் பண்டிகைக் கூட்டத்துக்கு நடுவே நோட்டீஸ் கொடுப்பது வீண், யாருக்கும் கை காலியாக இருக்காது. பள்ளிகளுக்கு ஜனவரியிலேயே போங்கள், வகுப்பு ஆசிரியரின் அனுமதியோடு.

நடுரோட்டில் பேனர் கட்டாதீர்கள். 2019 செப்டம்பரில் பள்ளிக்கரணையில் பேனர் விழுந்து, வண்டியில் போன இளம் பொறியாளர் ஒருவர் உயிரிழந்தது நம் எல்லோருக்கும் தெரியும். பிள்ளைகளை அழைக்கும் நிறுவனம் இன்னொரு பிள்ளையின் தலைமேல் எதையும் தொங்கவிடக் கூடாது. சுவரில் எழுதுவதும் போஸ்டர் ஒட்டுவதும் 1959-ஆம் ஆண்டிலிருந்தே சட்டத்துக்குள் வருகிற விஷயம். அந்தப் பணத்தில் நல்ல மஞ்சள் துணிப்பை தைத்துக் கொடுங்கள், ஒரு பக்கம் சின்னம், மறுபக்கம் மொத்தக் கட்டணமும் பஸ் எண்களும். மார்க்கெட்டுக்கும் ரேஷன் கடைக்கும் வருடம் முழுக்கப் போய்வரும்.

படி 8: போன் நம்பரைத் தொடும் முன்

ரிசல்ட் வந்த அன்று மாலைக்குள் பெயர் தெரியாத ஐந்தாறு இடங்களிலிருந்து போன் வருவதாகப் பெற்றோர் புலம்புவது வருடா வருடம் நடக்கிறது. யாரோ பட்டியலை விற்றிருக்கிறார்கள், யாரோ வாங்கியிருக்கிறார்கள். நீங்கள் வாங்காதீர்கள். பிளஸ் டூ முடித்தவர்களில் பலருக்கு 17 வயதுதான். 2023-ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 நிறையாதவர்களைக் குழந்தைகள் என்று வகுத்து, பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்கிறது.

அவர்களாகவே கூப்பிட ஒரு நம்பர் கொடுங்கள். எடுக்கிறவர் தமிழில் பேச வேண்டும், மாலை ஆறு முதல் ஒன்பது வரை கண்டிப்பாக இருக்க வேண்டும், அப்போதுதான் அப்பா அம்மா வேலையிலிருந்து வந்திருப்பார்கள். வாட்ஸ்அப்பில் எழுத்தோடு குரல் பதிவும் அனுப்பலாம். படிக்கத் தயங்கும் பெற்றோர் அதைத் திரும்பத் திரும்பக் கேட்பார்கள், பக்கத்து வீட்டுக்கும் அனுப்புவார்கள்.

படி 9: வாசலில் நிற்பவருக்குச் சொல்லுங்கள்

புதிய சின்னத்தைப் பெரிய ஹோட்டலில் திரை விலக்கி அறிமுகம் செய்வார்கள். வாட்ச்மேன் அண்ணனுக்கும், பஸ் டிரைவருக்கும், ஆபீஸ் கிளார்க்குக்கும் அடுத்த நாள் பேப்பரில்தான் தெரியும். விளம்பரம் பார்த்து வருகிறவர் முதலில் சந்திப்பது இவர்களைத்தான். விளம்பரம் வெளிவர ஒரு வாரம் முன்பே இவர்களை உட்காரவைத்து, மூன்று கேள்விகளையும் பதில்களையும் சொல்லி, சந்தேகம் கேட்கச் சொல்லுங்கள். அவர்கள் கேட்கும் சந்தேகங்களில் பாதி உங்கள் கையேட்டில் விட்டுப்போனவையாக இருக்கும்.

படி 10: எதை எண்ணுவது

லைக்கையும் பார்வைகளையும் ஏஜென்சி எண்ணித் தரும், வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் எண்ண வேண்டியவை வேறு. சேர்ந்த ஒவ்வொருவரிடமும் "யார் சொல்லி வந்தீர்கள்" என்று கேட்டு எழுதுங்கள். எந்த அஞ்சல் எண் பகுதிகளிலிருந்து யாருமே வரவில்லை என்று பாருங்கள். முதல் செமஸ்டர் முடிவில் எத்தனை பேர் நின்றார்கள், எதற்காக என்று பாருங்கள். தீபாவளிக்கு முன்னால் முதலாண்டு மாணவர்களை அழைத்து, மே மாதம் கொடுத்த கையேட்டை அவர்கள் கையில் கொடுத்து, உண்மையில்லாத வரிகளைச் சிவப்புப் பேனாவால் அடிக்கச் சொல்லுங்கள். அடுத்த வருடக் கையேட்டை அந்தப் பிரதிகளிலிருந்து எழுதத் தொடங்குங்கள்.